மாமாவின் இரவல் மிளகாய்த் தோட்டம்

என் மாமா மிளகாய் பயிரிட்ட கதையைச் சொன்னால் எங்கள் ஜெலுத்தோங் பிளாட்டில் இன்றும் எல்லாரும் சிரிப்பார்கள். அத்தை மட்டும் சிரிக்கமாட்டாள்.

அத்தையின் கணவரான அவர் சிங்கப்பூர் வேலை அலுத்துத் திரும்பி வந்து, பாலிக் பூலாவில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். மிளகாய் போடுகிறவர்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது. முதல் தவணை வந்தது, செடியும் வந்தது. பின்னாலேயே மழை வந்து அத்தனையையும் அழுகவைத்துவிட்டுப் போனது. இரண்டாம் தவணைக்கு முன் விவசாய இலாகா அதிகாரி வந்து பயிரைப் பார்ப்பாராம். அந்தத் தவணை கிடைக்காவிட்டால் மறுபடி சிங்கப்பூர்தான் என்றார் மாமா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சுற்றுகிற ஒரே பெரியவர் அவர்தான்.

"போகட்டும் லா, வீடாச்சும் நிம்மதியா இருக்கும்" என்றாள் அத்தை.

அதிகாரி வருகிற அன்று காலை மாமா பிளாட்டில் கதவு கதவாகத் தட்டினார். வாசலில் பாலிபேக் என்கிற கறுப்பு பிளாஸ்டிக் பையில் மிளகாய் வளர்க்காத வீடு அங்கே கிடையாது.

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் அக்கா, சாயங்காலம் கொண்டாந்துடுறேன்."

இரவல் தோட்டத்தை ஒரு வேனில் ஏற்றி, பள்ளி விடுமுறையில் இருந்த என்னையும் ஏற்றிக்கொண்டார். செடிகளைப் பாலிபேக்கோடு மண்ணில் புதைத்தோம். உண்மையைச் சொன்னால், பார்க்க அழகாகவே இருந்தது. நடுவில் அத்தையின் துளசி நிற்பதை நான்தான் கவனித்தேன். அவசரத்தில் அதையும் அள்ளிவந்திருக்கிறார். எடுப்பதற்குள் கார் வந்துவிட்டது.

அதிகாரி மரியாதை தெரிந்த ஒரு மலாய் இளைஞர். கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டே, இது என்ன செடி என்று துளசியைக் காட்டிக் கேட்டார். பூச்சி விரட்டுவதற்கு என்றார் மாமா, கொஞ்சமும் கூசாமல். அதிகாரி தலையாட்டினார். பிறகு வேரில் அழுகல் இருக்கிறதா பார்க்கவேண்டும் என்று பக்கத்து மிளகாய்ச் செடியின் தண்டைப் பிடித்தார். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நேரம் பார்த்து அத்தை வந்தாள். பஸ் பிடித்து, வெயிலில் நடந்து, கையில் கற்பூரத் தட்டோடு. எங்களைத் திரும்பியும் பார்க்காமல் துளசிக்குக் கற்பூரம் காட்டிச் சுற்றத் தொடங்கினாள். அதிகாரி சட்டென்று கையை எடுத்துவிட்டு வரப்போரம் ஒதுங்கி நின்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எல்லாவற்றையும் கெடுக்கிறாளே!

"அத்தே, போதும், வாங்க."

"சும்மா இருடி. சாமி கும்பிடுறேன், தெரியல?"

கற்பூரம் அணைய அணைய அடுத்ததை ஏற்றினாள். அத்தைக்கு இவ்வளவு பக்தி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு தோட்டத்துக்கும் போகவேண்டும் என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கார் கண்ணைவிட்டு மறைந்ததும் அத்தை சுற்றுவதை நிறுத்தி, அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். மாமா பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டார்.

"நான் போகட்டும்னுதானே சொன்ன?"

"வாய மூடுங்க. இருட்டுறதுக்குள்ள ஊரார் செடியத் திருப்பிக் கொடுக்கணும்" என்று சொல்லி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

கற்பூரப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து, நான் தண்ணீர் போத்தலை எடுக்க வேனுக்கு ஓடினேன்.