தேளம்மா லீவு கேட்ட நாள்

அந்த விலங்குக் காட்சிசாலையில் அவளைத் தேளம்மா என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசலில் டிக்கெட் கிழிப்பவரே முழிப்பார். தேள் அறை அவள் ராஜ்ஜியம். கண்ணாடிப் பெட்டிகளில் தேள்கள். கூடவே, தேள் மாதிரி முகத்தைக் காட்டிச் சும்மா மிரட்டும் பங்காளிகள் சில. நண்டு போலப் பக்கவாட்டில் நடக்கும் தட்டைச் சிலந்தி ஒன்று. சாட்டைவாலி ஒன்று. இதன் பின்புறத்தில் கொடுக்குக்குப் பதில் நூல் மாதிரி ஒரு வால், கொட்டவே தெரியாது. பயந்தால் வினிகர் வாடையடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும், அவ்வளவுதான் அதன் வீரம். ஆனால் பார்க்க வருகிறவர்கள் நிஜத் தேளைவிட இதற்குத்தான் அலறுவார்கள். தோற்றத்தை வைத்து எடை போடுகிற உலகம்தானே.

புருஷனை அடக்கம் செய்த மறுநாளே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். மேலாளர் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"வீட்ல உக்காந்து என்ன சார் பண்ணப் போறேன்?"

வீட்டில் புருஷனின் செருப்பும் மூக்குக்கண்ணாடியும் பாதி தீர்ந்த மாத்திரை அட்டையும் கிடந்தன. அவற்றோடு ஒரு பகல் முழுக்க இருக்க அவளால் ஆகாது. மேலாளர் விட்டுப்பிடித்தார்.

"சரி, வாங்க. ஆனா ஒரு தப்பு நடந்தாலும் வீட்டுக்கு அனுப்பிருவேன். விஷத்தோட புழங்குற வேல இது."

அவள் அழவில்லை. நாத்தனார் போனில் தினம் இதே பாட்டுத்தான். "அண்ணி, ஒரு தடவ அழுதுருங்க. மனசுலயே வெச்சுக்கிட்டா உடம்புக்கு ஆகாது."

"வந்தா அழ மாட்டேனா?" என்றாள். அது உண்மைதான். உள்ளே துழாவிப் பார்த்தாள், ஒன்றும் தட்டுப்படவில்லை. சாப்பிட்டாள், பஸ் ஏறினாள், கண்ணாடி துடைத்தாள். சோற்றில் உப்பு இல்லாததுகூட உறைக்கவில்லை.

ஒளிந்துகொள்வதில் தேள் பலே ஆள். ஆனால் அறையை இருட்டாக்கி ஊதா விளக்கை அடித்தால் பச்சையாக ஒளிர்ந்து மாட்டிக்கொள்ளும். தேள் பெட்டியில் எதுவும் ஒளிராவிட்டால் அது காலி. காலிப் பெட்டியின் மண்ணை மின்சார அடுப்பில் சூடாக்கி, பூச்சி புழுவைப் போக்கி மறுபடி பயன்படுத்துவார்கள். அன்று காலையும் வரிசையாக விளக்கடித்துக்கொண்டே போனாள். ஒரு பெட்டியில் ஒன்றும் ஒளிரவில்லை. மண்ணைத் தட்டில் கவிழ்த்தாள். கட்டியாக வந்தது. உடைத்துப் பார்க்காமல் அப்படியே அடுப்புக்குள் தள்ளி சுவிட்சைப் போட்டாள். கை அதுபாட்டுக்குச் செய்தது.

பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது டிக்கெட்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, வினிகர் வாடை மூக்கத் தொளைக்குது? எதையாவது கொட்டிட்டீங்களா?"

கழுவிய கை நின்றது. அந்த அறையில் தேளைத் தவிர எதுவும் ஊதா விளக்குக்கு ஒளிராது. சாட்டைவாலியும் ஒளிராது, அவள் கவிழ்த்தது அதன் பெட்டியை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதை வாய் வலிக்கச் சொன்னவளே அவள்தான். முட்டைப் பையோடு மண்ணுக்குள் வளை தோண்டி, வாரக்கணக்கில் இரை தொடாமல் கிடந்த தாய் அது.

சுவிட்சை அணைத்துத் தட்டை இழுத்தாள். கட்டியை உடைத்தாள். சாட்டைவாலி சுருண்டு கிடந்தது. முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாய்க் குஞ்சுகள். ஒன்றும் அசையவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தாள், சுட்டது.

குப்பையில் தள்ளியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வளைக்குள் நடப்பதை யார் கண்டார்கள்? ஆனால் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், எனக்கு லீவு வேணும்."

அவர் தட்டைப் பார்த்தார். திட்ட வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எத்தன நாளு?"

"தெரியல சார். இத்தன குஞ்சும் என் கையால வெந்து கெடக்கு. அவரு போனப்ப மாதிரியே இப்பவும் எனக்கு ஒண்ணுமே தோணல."