இறந்தவன் பங்கு

1999 ஆகஸ்ட் 9, திங்கள் மாலை பாரிசில் ரயில் ஏறினேன். புதன்கிழமை வடக்குப் பிரான்சில் முழுச் சூரிய கிரகணம். அது முழுதாகத் தெரியும் ருவான் நகரம் ஒன்றரை மணி நேரப் பயணம்தான். மன்னாரில் விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு அதைப் பார்க்கும் ஆசை இல்லாமலா? ஆனால் நான் வேலை செய்த உணவகத்தில் கிடைத்தது ஒரே ஒரு கிழமை விடுமுறை. பத்து வருடங்களாகக் காணாத தங்கை ரெஜினா சிசிலித் தீவின் பலெர்மோவில் இருந்தாள். அவளிடம் போனேன்.

ரோமில் மாறி, மெசினா நீரிணையை ரயிலோடு கப்பலில் கடந்து, புதன் காலை பலெர்மோ. ஆயிரத்து ஐந்நூறு லீராவுக்குப் பேருந்துச் சீட்டு வாங்கி மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போனேன். சூரியனை வெறும் கண்ணால் பார்க்காதே என்று சாரதி கையைக் காட்டி எச்சரித்தார். ரெஜினா வேலை செய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, கோடையில் அங்கேதான் தங்குவாள். சிஞ்ஞோராவின் வயதான தாயைப் பார்த்துக்கொள்வது ரெஜினாவின் வேலை.

பதினொன்றரைக்கு ரெஜினா வந்தாள், இரண்டு மணி நேர அனுமதியோடு. சோறும் மீன் குழம்பும், கிரகணம் பார்க்கும் காகிதக் கண்ணாடி ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். கடற்கரை மதிலோரம் உட்கார்ந்தோம். சூரியனின் விளிம்பு ஏற்கெனவே கடிபட்டிருந்தது.

கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தபடி, பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வானியலாளர் ஒருவரின் கதையைச் சொன்னேன். வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க அவர் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். அவர் வந்துசேருமுன் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஆடும் கப்பலில் ஒன்றையும் அளக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு வருடம் கீழைக்கடல் பக்கமே காத்திருந்தார். அந்த நாளில், மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்த புதுச்சேரியின் வானத்தை மேகம் மூடியது. பதினொரு வருடம் கழித்து ஊர் திரும்பினால், செத்துவிட்டார் என்று உறவினர் சொத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரெஜினா கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"வழக்குப் போட்டவரோ?"

"ஓம். கனகாலம் இழுபட்டது."

சோற்றுப் பாத்திரத்தை மூடினாள்.

"அண்ணை, ஊரிலை உங்கடை வளவுக் காணி இப்ப இல்லை. நீங்கள் போன படகு கவிண்டது எண்டு கேள்விப்பட்டு உங்கடை ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்குடுத்தம். பிறகு வளவை வித்துத்தான் வீட்டிலை என்னை இஞ்சை அனுப்பினவை."

நான் அந்தப் படகில் ஏறவே இல்லை. பயண முகவர் ஏமாற்றியதால், ஊருக்குச் செய்தி அனுப்ப வழியின்றி மேற்கு ஆபிரிக்காவில் இரண்டு வருடம் சிக்கியிருந்தேன். உயிரோடிருக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது ரெஜினா இந்த ஊருக்கு வந்துவிட்டிருந்தாள். அன்று அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஒருக்கா சொல்லியிருக்கலாம்," என்றேன்.

"ஓம். சொல்லியிருக்கலாம்."

கிழவிக்குச் சாப்பாடு கொடுக்க எழுந்து போனாள். நான் கண்ணாடி வழியே மேலே பார்த்தபோது சூரியன் பழையபடி பெரும்பாலும் வெளியே வந்துவிட்டிருந்தது. உச்சநேரம் எப்போது கடந்ததென்று தெரியவில்லை.

மிச்ச நாட்களில் ரெஜினா வேலை முடிந்து வந்து, பலெர்மோவின் சீசா பகுதியிலுள்ள தன் அறையில் எனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தாள். இருவரும் வளவைப் பற்றிக் கதைக்கவில்லை. அந்த வானியலாளர் பிறகு திருமணம் செய்தார், மகள் பிறந்தாள் என்பதை அவளுக்குச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

ஞாயிறு, பாரிசுக்குத் திரும்பும் ரயிலில் எதிரே இருந்த சிசிலியப் பெண் என் ஊரைக் கேட்டாள். மன்னார் என்றேன். திரும்பிப் போவாயா என்றாள். வழக்கமாக, வளவில் வீடு கட்டிக்கொண்டு போய்விடுவேன் என்பேன். அன்று, எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலிய மொழியில், என் தங்கை பலெர்மோவில் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.