ஒரு நாள் முன்னால் வந்த ரம்ஜான்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அம்பத்தூர் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது ஷம்ஷாத் அக்காவின் மகள் நிலோஃபர் அழைத்தாள். "ஆன்ட்டி, அம்மா மௌத்தாயிட்டாங்க. சாயந்திரம் எடுக்கறோம்." அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பூந்தமல்லி வண்டிக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

ஷம்ஷாத் அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதி ஆடை கம்பெனியில், செக்கிங் மேசையில் என் பக்கத்தில் நின்றவர்கள். தைத்து வரும் சட்டையைப் புரட்டி விட்டுப்போன தையலைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள், சைவம், எதைப் பார்த்தாலும் ஏன் எதற்கு என்று கேட்கும் வாய். நோன்பு வைத்தால் எச்சிலை விழுங்கலாமா என்று முதல் வாரமே கேட்டுவைத்தேன். மேசையே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"முழுங்கலாம்மா. நீ கேளு. கேக்காம உள்ளயே வெச்சிகினு இருந்தாதான் வம்பு" என்றார்கள்.

ஒவ்வொரு ரம்ஜானுக்கும் கூப்பிடுவார்கள். இரண்டு ஆண்டுகள் "பாக்கலாங்க்கா" என்று நழுவினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பயம்தான். அதுவரை ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் நான் போனதே இல்லை. எங்கே உட்காருவது, எதைத் தொடக்கூடாது, கறியை வைத்தால் எப்படி வேண்டாம் என்பது? வேண்டாம் என்றால் அக்கா மனம் விட்டுப்போய்விடுமோ? அவ்வளவு கேட்ட வாய் இதை மட்டும் கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டு துணிந்தேன். காலண்டரில் ரம்ஜான் என்று சிவப்பில் போட்டிருந்தது, கம்பெனியும் விடுமுறை. சொல்லாமல் போய் நிற்போம் என்று பூவும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு உச்சி வெயிலில் பூந்தமல்லியில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா பழைய நைட்டியில் இருந்தார்கள். என் முகத்தையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"வந்துட்டியா. உள்ள வா, இன்னா வெயிலு."

வீட்டில் அக்காவும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள் நிலோஃபரும்தான். புதுத்துணி இல்லை, சத்தம் இல்லை. பண்டிகை இப்படித்தான் இருக்கும் போல என்று எண்ணிக்கொண்டேன். அக்கா ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து எவர்சில்வர் குண்டான் ஒன்றை எடுத்தார்கள். "புதுசு. கறி படாதது" என்று காட்டிவிட்டு அதில் தக்காளிச் சோறு ஆக்கினார்கள். கத்திரிக்காய்த் தொக்கும் ஆயிற்று. ஒரு கரண்டியை என்னிடம் நீட்டி, "உப்பு பாத்துச் சொல்லு" என்றார்கள்.

"நீங்களே பாருங்களேன்க்கா."

"நீதான துன்னப் போற, நீயே பாரு."

மூன்று முறை போட்டுச் சாப்பிட்டேன். நிலோஃபர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சாப்பிடலையா?" என்றால் "அப்பால" என்றார்கள். பிறகு என் கேள்விகள். எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவீர்கள், அந்தச் சுவரில் எழுதியிருப்பது என்ன, பெண்கள் எங்கே தொழுவார்கள்? சலிக்காமல் சொன்னார்கள். சொந்தக்காரர் வீட்டில்கூடப் பகலில் கண்மூடாத நான், அக்கா கொடுத்த தலையணையில் அப்படியே தூங்கிப்போனேன்.

பாங்கு சத்தத்தில் விழித்தேன். வெளிச்சம் மங்கியிருந்தது. அக்காவும் நிலோஃபரும் பாயில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்கள். சிறுமி ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள். எனக்கு உறைத்தது.

"இன்னிக்கு ரம்ஜான் இல்லையாக்கா?"

"நேத்து பிறை தெரில. நாளைக்குத்தான். இன்னிக்கு முப்பதாம் நோன்பு."

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத இரண்டு பேர் முன்னால் மூன்று தட்டுச் சோறு தின்றிருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா வாசல்லயே திரும்பியிருப்ப. ரெண்டு வருசமா கூப்ட்டு இன்னிக்குத்தான் வந்த. நோன்பு எனக்கு, பசி உனக்கு. நாளைக்கும் வா."

மறுநாளும் போனேன். அதற்கப்புறம் ஒரு ரம்ஜானும் தவறவில்லை. எனக்கான சோறு அதே குண்டானில் தனியாக இருக்கும். "காலண்டர் பாத்து வந்தியா, பிறை பாத்து வந்தியா?" என்று ஆண்டுதோறும் கிண்டல் செய்துவிட்டுத்தான் தட்டைப் போடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை அந்த வாசலில் பழைய பயம் திரும்பி வந்தது. உள்ளே பெண்கள் நிறைந்திருந்தார்கள். நான் போகலாமா, முகம் பார்க்கலாமா? கேட்டால் சொல்லக்கூடியவர்கள் உள்ளே படுத்திருந்தார்கள். நிலோஃபர் வெளியே வந்து என் கையைப் பிடித்து அழைத்துப்போய் அக்காவின் அருகில் உட்கார வைத்தாள்.

மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வந்தது. நான்காம் நாள் போனபோது நிலோஃபர் குண்டானைத் துடைத்து ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள். "இது உங்களுது ஆன்ட்டி. இதுல அம்மா வேற எதுவுமே ஆக்க விடமாட்டாங்க. எடுத்துட்டுப் போங்க."

எப்போதும் சோறோடு பார்த்த பாத்திரம். அன்றுதான் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் என் பெயர் வெட்டியிருந்தது: 'கல்யாணி, முப்பதாம் நோன்பு'.

"அன்னிக்கு நீங்க வந்துட்டுப் போனப்புறம் பேர் வெட்டக் குடுத்தாங்க. கடைக்காரரு ரம்ஜான்னு போடட்டுமான்னு கேட்டாரு. அம்மா ஒத்துக்கல" என்றாள் நிலோஃபர்.

சிரித்தேன், அழுதேன். உடனே பயமும் வந்தது. இதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது?

"நிலோ, இது இங்கேயே இருக்கட்டுமா?"

எத்தனையோ கேள்விகள் கேட்டவள்தான். இவ்வளவு பயந்துகொண்டு ஒன்றைக் கேட்டதில்லை. அவள் குண்டானை வாங்கி அடுப்பங்கரை அலமாரியில் பழைய இடத்தில் கவிழ்த்து வைத்தாள். "பிறை பாத்துட்டு நானே ஃபோன் பண்றேன். நீங்க பாட்டுக்கு முன்னாடியே வந்துடாதீங்க."

நிம்மதியாகப் போய் வாருங்கள், அக்கா. உப்புப் பார்க்க நான் வந்துவிடுவேன்.