சந்தனத் தட்டில் சாவி

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் வாசலில் சந்தனத் தட்டோடு நிற்பது கல்யாணமாகாத குமர்ப் பிள்ளைகளின் வேலை. இப்போது சில வருடங்களாக, தெல்தோட்டைப் பக்கம் யார் வீட்டுக் கல்யாணமானாலும் அந்த இடத்தில் என் அக்காதான் நிற்கிறாள். பன்னீர் தெளிப்பாள், கற்கண்டு கொடுப்பாள். பைக்கிலோ ஆட்டோவிலோ வந்த இளவட்டம் என்றால் மட்டும் தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வாள்.

"சாவிய வையுங்க தம்பி. அப்புறம் சந்தனம்."

அவளுடைய ஒரே மகன், ஒரு கல்யாணத்தில் குடித்த அன்றைக்கு, தெல்தோட்டை வீதி வளைவில் பைக்கோடு விழுந்து செத்துப்போனான். அதற்குப் பிறகு அவள் கொண்டுவந்த வழக்கம் இது. போகும்போது தாம்பூலப் பையோடு சாவியும் திரும்பக் கிடைக்கும். வாயில் வாடை அடித்தால் பை மட்டும்தான். சாவியை மறுநாள் அவள் வீட்டில் போய் வாங்கிக்கொள்ளலாம். அங்கே ஒரு பிளேன்டீ கிடைக்கும், புத்திமதி ஒரு வார்த்தை கிடைக்காது. நானாக இருந்தால் செவிட்டில் ஒன்று விட்டுத்தான் கொடுப்பேன். பையன்கள் அவளை "சாவிப் பெரியம்மா" என்று கேலி பண்ணுவார்கள். கேலி பண்ணிக்கொண்டே சாவியையும் வைத்துவிடுவார்கள். அக்காவின் அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கலாமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. என் காதுபட யாரும் சொன்னதில்லை. என் வாய் அவர்களுக்குத் தெரியும். போன தை மாதம் கண்டியில் மண்டபம் எடுத்து என் மகளுக்குக் கல்யாணம் செய்தபோதும் அக்காவைத்தான் வாசலில் நிறுத்தினேன்.

மாப்பிள்ளை வீடு பன்வில பக்கம். பூ அலங்காரம் செய்த காரை ஓட்டி வந்தவன் மாப்பிள்ளையின் தம்பி. காலையில் சிரித்துக்கொண்டே சாவியைத் தட்டில் போட்டான். மத்தியானம் பந்தி முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் போத்தல் திறந்திருக்கிறார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் பொண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிவிட வேண்டும். அவன் கண் சிவக்க வந்து அக்காவிடம் கையை நீட்டினான்.

"அத்தை, கொஞ்சூண்டுதான் போட்டேன். நேரமாகுது, சாவியக் குடுங்க."

"இல்ல தம்பி" என்று அக்கா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பேச்சு தடித்தது. சம்பந்தி வந்துவிட்டார். "எங்க பையன நம்பாத எடத்துலயா பொண்ணு எடுத்தோம்?" என்று கேட்டார். என் மகள் அந்த வீட்டில் காலம் தள்ள வேண்டியவள். போகிற அன்றைக்கே பகையா?

"அக்கா, குடுத்துத் தொலை! ராகுகாலம் வந்துரும்!" என்று கத்தினேன்.

"அந்தக் கார்ல போறது யாருடி? நம்ம புள்ளடி!" என்றாள்.

பிறகு முடிச்சை அவிழ்த்தாள். சாவியைச் சம்பந்தியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அண்ணே, நீங்களே உங்க கையால மகனுக்குக் குடுங்க. என் மகன் அன்னைக்குக் குடிச்சிட்டு நல்லபடியாத்தான் வீட்டுக்கு வந்து சேந்தான். கூட்டாளியக் கொண்டுபோய் விடணும், பைக் சாவி எங்கம்மான்னு கேட்டான். வாடை எனக்குத் தெரிஞ்சிச்சு. சீக்கிரம் வந்துருடான்னு எடுத்துக் குடுத்தது நான்தான்."

இது எனக்கே தெரியாது. கூடப்பிறந்த என்னிடம் சொல்லாததை அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. என்ன மனுஷி இவள்!

சம்பந்தி சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை அவளிடமே நீட்டினார்.

"நீங்களே வச்சுக்கங்க தங்கச்சி. நான் ஓட்டலாம்னு பாத்தா, நானும் கொஞ்சம் போட்டிருக்கேன்."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வந்த வாடகை பஸ்ஸில் முன் சீட்டைத் துடைத்து, மாலையும் கழுத்துமாக இரண்டு பேரையும் உட்காரவைத்தோம். அந்த டிரைவர், நாங்கள் கேட்காமலே, அக்காவிடம் வாயை ஊதிக் காட்டிவிட்டு ஏறினார். பஸ் புறப்பட்டபோது ராகுகாலம் தொடங்கிவிட்டது. பூ கட்டிய கார் மண்டபத்து வாசலிலேயே நின்றது.

வீட்டுக்கு வந்தும் அக்கா தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. என் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் மகளிடமிருந்து போன் வந்தது.

"வந்து சேந்துட்டாங்களாம் அக்கா" என்றேன்.

"எனக்குக் கேக்கல. இன்னொருக்கா சொல்லச் சொல்லு."

போனை அவள் காதில் வைத்தேன்.

"பெரியம்மா, நாங்க நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டோம்."

அதற்குப் பிறகுதான் அக்கா அழுதாள்.