பெயர் இருந்த இடம்

தொகாஷி கின்சாகு முடிதிருத்துபவர். சுருவோகா ரயில் நிலையத்துக்குப் பின்னால் கடை. இரண்டு நாற்காலி. ஒன்று அவருக்கு, இன்னொன்று மனைவி தமியேவுக்கு. முகத்தில் வெந்நீர்த் துண்டைப் போட்டுவிட்டு அவர் அசையாமல் நின்றால், சுபாவைப் பற்றி யோசிக்கிறார் என்று படுத்திருப்பவருக்குத் தெரியும்.

வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே கைக்குக் காவலாக நிற்கும் வட்டத் தகடுதான் சுபா. எங்கள் ஊரில் அதைச் சேகரிப்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். வாள் வாங்க வக்கில்லாதவன் சுபா வாங்குகிறான் என்று வாள் வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். உண்மைதான்.

தொகாஷியிடம் நல்லதென்று இருந்தது ஒன்றே ஒன்று. இரும்பு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நாணல் புதரில் காட்டு வாத்துகள் இறங்குகின்றன. சிறகு நுனியில் மட்டும் பொன். பின்பக்கத்தில் கனெமிச்சி என்று பெயர் வெட்டியிருந்தது. கனெமிச்சி அந்தக் காலத்தில் எங்கள் பிரபு வீட்டுக்கு வேலை செய்த கொல்லர். தன் மற்ற வேலைகளில் பெயரை முன்பக்கம் வெட்டியிருக்கிறார். இதில் மட்டும் பின்பக்கம்.

அது சின்ன வாளுக்கு உரியது. சாமுராய் இடுப்பில் பெரியதும் சின்னதுமாக இரண்டு வாள் இருக்கும். சுபாவும் ஜோடியாகத்தான் செய்வார்கள். பெரியதில் வாத்துகள் மேலே எழும்பும் என்பார் தொகாஷி. பார்த்து வந்தவர் போலச் சொல்வார். அதைக் கண்டுபிடித்து இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டும். அவர் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் அதை மதிப்பீட்டுக்கு டோக்கியோ அனுப்பினார். வேறு யாரோ வெட்டிய பொய்ப் பெயர் என்று திரும்பி வந்தது. பொய்ப் பெயர் இருக்கும் சாமானுக்குச் சான்று கிடையாது. பெயரை அராவி எடுத்துவிட்டு, பெயரில்லாததாக மறுபடி அனுப்பினால் கிடைக்கும். சுபா சேகரிப்பவர்கள் உலகத்தில் அதுதான் வழக்கம். யாரும் அதைக் கெட்ட காரியமாக நினைப்பதில்லை. அழுக்கு எடுப்பது மாதிரி.

"வேல நல்ல வேல. அந்தப் பேருதான் பிடிச்ச பீட," என்றார் சாக்கே மதுக்கடை ஓதாகி. எங்கள் கூட்டத்தில் ஒருவர்; அவரும் தொகாஷியும் ஒரே பள்ளிக்கூடம். "எடுத்துட்டு அனுப்பு."

"நெஜப் பேரா இருந்தா?"

"டோக்கியோக்காரன விட உனக்குத் தெரியுமா? நீ சவரம் பண்றவன்தானே. வேண்டாதத வழிச்சு எடுக்க உனக்கு யாராவது சொல்லித் தரணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். தொகாஷியும் சிரித்தார்.

மெல்லிய தாளை வைத்து மசிக்கட்டியால் தேய்த்து, பெயரின் அச்சை எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு சகாத்தாவில் ஒரு வேலைக்காரரிடம் கொடுத்தார். அவர் அராவி, துரு ஏற்றி, நிறம் சேர்த்துக் கொடுத்தார். சுத்தமான வேலை. பெயர் இருந்த இடம் தெரியவில்லை.

இந்தமுறை சான்று வந்தது. பெயரில்லாதது, கனெமிச்சியின் கைவேலை என்று எழுதியிருந்தார்கள். தமியே சிவப்பு அவரை போட்டுச் சோறு வடித்து எங்களைக் கூப்பிட்டாள்.

"பேர எடுத்தப்புறம் அதே பேரையே குடுத்திருக்காங்களே," என்றாள் பரிமாறிக்கொண்டே.

ஓதாகி ஊறுகாய் கேட்டார்.

இரண்டு இலையுதிர்காலம் கழித்து, கோயில் கூடத்தில் எங்கள் கூட்டம். வெளியே சேப்பங்கிழங்கும் பன்றிக்கறியும் மிசோக் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அகித்தாவிலிருந்து கமதா என்று ஒருவர் வந்திருந்தார். ரயில்வேயில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். துணி முடிச்சு ஒன்றை அவிழ்த்து வைத்தார்.

சாமானைப் பார்க்கும்போது யாரும் பேசக் கூடாது. எச்சில் தெறித்தால் இரும்பு துருப்பிடிக்கும். குனிந்து வணங்கி, துணியின் மேல் தாழ்த்தி, விளிம்பில் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு நகர்த்த வேண்டும். முதலில் ஓதாகி பார்த்தார். நகர்த்தாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு எனக்கு வந்தது. நாணல் புதரிலிருந்து காட்டு வாத்துகள் எழும்பிக்கொண்டிருந்தன. சிறகு நுனியில் பொன். திருப்பினேன். பின்பக்கத்தில் ஊரும் வருஷமும் வெட்டியிருந்தது. பெயர் இல்லை.

ஜோடியாகச் செய்யும்போது சிலர் அப்படிச் செய்வதுண்டு. ஒன்றில் பெயர், மற்றதில் ஊரும் வருஷமும்.

தொகாஷிக்கு நகர்த்தினேன். பார்த்தார். திருப்பினார். கீழே வைத்து வணங்கினார். குனிந்த தலை நிமிர நேரமாயிற்று. அது கூடம் முழுவதும் சுற்றி முடிந்தது.

"எங்க குடும்பத்துது," என்றார் கமதா. "போர் முடிஞ்ச வருஷம் வாளெல்லாம் ஒப்படைக்கச் சொன்னாங்களே, அப்போ அப்பா இது ரெண்டையும் கழட்டி வெச்சுக்கிட்டாரு. அடுத்த வருஷம் பசி. அம்மா சின்னதக் குடுத்து அரிசி வாங்கினாங்க. அண்ணன் இன்னும் அத மறக்கல. சின்னது யார்கிட்ட இருக்கோ அவங்களுக்கே பெருசையும் குடுத்துடு, ரெண்டும் பிரிஞ்சிருக்கக் கூடாதுங்கறாரு. சின்னதுலதான் பேரு. பின்பக்கம்."

தொகாஷி எழுந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்ச் சின்னதையும் அச்சுத் தாளையும் எடுத்து வந்தார். அருகருகே வைத்தார். இரண்டிலும் நாணல் ஒரே காற்றில் சாய்ந்திருந்தது.

கமதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சின்னதைத் திருப்பினார்.

"பேரு?"

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்கன்னா?"

"அராவிட்டேன். பொய்ப் பேருன்னு சொன்னாங்க."

தாள் அச்சை விரித்துக் காட்டினார். கமதா ரொம்ப நேரம் அதைப் பார்த்தார்.

"நான் நம்பறேன், தொகாஷி சான். ஆனா குடுக்கறதுக்கு அண்ணன் வாய்ச்சொல் வேணும். அவருக்குக் கண்ணு போயிடுச்சு. சின்ன வயசுல தினமும் பஞ்சுத் துணியால துடைச்சவரு. கட்டைவிரல வெச்சுத்தான் பாப்பாரு. இந்தத் தாள அவருக்கு எப்படிக் காட்டறது?"

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. ஓதாகி தொகாஷியை ஓரமாகக் கூட்டிப் போனார். நானும் போனேன்.

"அதான் அச்சு இருக்கே. சகாத்தாக்காரன் அதே மாதிரி வெட்டிக் குடுத்துடுவான். குருடருக்கு விரல்லதானே தெரியணும்."

"அப்புறம் அதுல இருக்கறது என்ன பேரு?"

"கனெமிச்சி."

"யாரு வெட்டினது?"

ஓதாகி குழம்புப் பக்கம் திரும்பினார்.

"இப்ப வரைக்கும் அதுல பொய்ப் பேரு இருந்ததே இல்லடா," என்றார் தொகாஷி.

சின்னதை அப்படியே கமதாவிடம் கொடுத்தனுப்பினார். அண்ணனிடம் நடந்ததைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து வாடிக்கையாளர் தலையைப் பாதியில் விட்டுவிட்டு வாசலில் போய் நிற்க ஆரம்பித்தார். தமியே தன் நாற்காலியிலிருந்து வந்து அந்தத் தலையை முடிப்பாள்.

முதல் பனி விழுந்த அன்று கமதா கடைக்கு வந்தார். நான் பெஞ்சில் காத்திருந்தேன். துணி முடிச்சைக் கண்ணாடி முன்னால் வைத்தார். ஒரு சுபா மட்டும் இருக்கும் அளவு. வந்ததற்குச் சவரம் செய்துகொள்கிறேன் என்று அவரே நாற்காலியில் சாய்ந்தார். தொகாஷி நுரை போட்டார்.

"அண்ணன் விரல வெச்சுப் பாத்தாரு," என்றார் கமதா கூரையைப் பார்த்தபடி. "முன்பக்கம் தடவும்போது சிரிச்சாரு. திருப்பினதும் தேடினாரு. தேடிக்கிட்டே இருந்தாரு. 'வழவழன்னு இருக்கு, நம்மளுது இல்ல'ன்னாரு."

"சொன்னீங்களா?"

"எல்லாத்தையும் சொன்னேன். 'பேர எவனாவது அழிப்பானா? உன்ன எவனோ நல்லா ஏமாத்தறான்'னுட்டாரு. பெருச எங்கிட்டேர்ந்து வாங்கி அவரு மகன்கிட்ட குடுத்துட்டாரு. அவன் எங்கூடப் பேசறதில்ல."

"பேசாம இருங்க," என்றார் தொகாஷி. "கத்தி பட்டுடும்."

தாடையிலும் கழுத்திலும் கத்தி போயிற்று. தமியே குழாயைத் திறந்தாள், மூடினாள். தொகாஷி துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு நாற்காலியை நிமிர்த்தினார்.

கமதா கன்னத்தைத் தடவிப் பார்த்தார். சவரம் முடிந்ததும் எல்லோரும் தடவிப் பார்ப்பதுதான். கட்டைவிரலால் மேலும் கீழுமாகத் தடவினார். தொகாஷி முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது என் முறை.