கதவுக்குப் பின்னால் பீடிங் வேலை

பூஞ்சேரி திருப்பத்தில் வண்டியிலிருந்து விழுந்தபோது செங்கல்வராயனுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. டைல்ஸ் மேஸ்திரியான அவனால் தரையில் டைல்ஸ் பதிக்க முடிந்தது. ஓரத்துக்கும் மூலைக்கும் வந்தால் கை நடுங்கியது. டைல்ஸ் முடிகிற இடத்தில் வைக்கும் அலுமினியப் பட்டையை சைட்டில் பீடிங் என்பார்கள். இரண்டு பட்டைகள் மூலையில் சேரும் இடத்தில் நகம்கூட நுழையக் கூடாது.

பதினாறு வருடமாக அவனுக்குச் சித்தாளாக இருந்த மனைவி வேண்டா, ஊரப்பாக்கத்து வீடு ஒன்றில் கட்டிங் மெஷினைக் கையில் எடுத்தாள். மூன்று பட்டைகளை வீணாக்கினாள். நான்காவது கச்சிதமாகப் பொருந்தியது.

மாமல்லபுரத்துக் கடலோரத்தில் எழும்பிக்கொண்டிருந்த விடுதியில் பன்னிரண்டு குளியலறைகள். முதல் அறையின் மூலையை இன்ஜினியர் ரவிச்சந்திரன் விரலால் தடவிப் பார்த்தார்.

"யாரு மேஸ்திரி, இதை முடிச்சது?"

"நான்தான் சார்" என்றான் செங்கல்வராயன். வேண்டா பக்கத்தில்தான் பக்கெட் கழுவிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டாள். "யோவ், இன்னாத்துக்கு அப்டி சொன்ன?"

"வேற இன்னா சொல்றது? பொம்பள மெஷின் புடிக்கிறான்னு தெரிஞ்சா, ரெண்டு பேரையும் வூட்டுக்கு அனுப்பிடுவாங்க மே."

அன்றிலிருந்து அவள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தாள். அவன் வெளியே காவல் நின்றான். சத்தம் போகக் கூடாதென்று ஜன்னலையும் பலகையால் அடைத்திருந்தான். வெளியே கடல்காற்று அடித்தது. உள்ளே டைல்ஸ் தூசி அவள் இமைமேல் மாவாகப் படிந்தது. முகத்தில் கட்டிய துண்டு வியர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டியது. கதவை ஒரு விரற்கடை திறக்கலாமா என்று நினைப்பாள். அவனுடைய நிழல் கதவடியில் தெரியும். திறக்க மாட்டாள்.

நான்காவது அறையில் இருமல் பிடித்தது. மெஷினை நிறுத்தியும் இருமல் நிற்கவில்லை. அவளே கதவைத் தள்ளினாள். வெளியே ரவிச்சந்திரன் நின்றுகொண்டிருந்தார்.

"மேஸ்திரி இங்க நிக்கிறார். உள்ள மெஷின் ஓட்டினது யாரு?"

செங்கல்வராயன் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "நான்தான் சார். எல்லா மூலையும் நான்தான்."

அவர் உள்ளே போய்ப் புது மூலையைப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா ஓனர் வரும்போது மெஷினை மேஸ்திரி கையில குடுத்துடு. எதுக்கு வம்பு?"

"கதவு தொறந்துதான் இருக்கணும் சார். மூச்சு முட்டுது."

அதற்குச் சம்மதித்தார். மிச்சமிருந்த எட்டு அறைகளையும் காற்றோட்டத்தில் முடித்தாள். வாசலில் கார் சத்தம் கேட்டால் மட்டும் செங்கல்வராயன் ஓடி வருவான். மெஷின் அவன் கைக்குப் போகும், பக்கெட் அவள் கைக்கு வரும்.

கடைசி நாள் விடுதி முதலாளி ஜெபகுமார் வந்தார். மூலை மூலையாகப் பார்த்துவிட்டுச் செங்கல்வராயனின் தோளைத் தட்டினார். "கை சுத்தம்யா உனக்கு!" அவன் தலை குனிந்துகொண்டான். வேண்டா வெட்டிய துண்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

செங்கல்பட்டு பஸ்ஸில், "அடுத்தது கல்பாக்கத்துல" என்றான் அவன்.

"அங்க மொத நாளே நான் சொல்லிடப் போறேன்."

"சொன்னா வேலை இருக்காது மே."

"தெரியும்" என்றாள். தான் சொல்லப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.