ஆவாஸ் ஜாஸ்தி

ஓர் ஈரானியப் படத்தின் சில காட்சிகளைக் காஞ்சிபுரத்தில், எங்கள் தெருவில் எடுத்தார்கள். அதற்கு ஒலி தொகுக்க அவர்கள் ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தலையில் முடி இல்லை, காதில் மட்டும் நிறைய. அமைதியை எங்கே வைப்பது என்பதில் மன்னன் என்றார்கள். நானும் ஒலித் தொகுப்பாளன்தான். ஆனால் ஹீரோ விடும் அறைக்கு இடிச்சத்தம் ஒட்டியே கோடம்பாக்கத்தில் காலம் தள்ளியவன். இந்த ஊரில் அமைதிக்கு மனுஷன் எங்கே போவார் என்று எனக்கு உள்ளூர ஒரு குஷி.

என் வீட்டு மாடியில்தான் வேலை. அவர் பேசுவது பாரசீகம். எங்கள் இருவர் ஆங்கிலத்தையும் கூட்டினாலும் ஒரு வாக்கியம் தேறாது. பக்கத்துத் தெருவில் ஜரிகை விற்கும் பாய் மொழிபெயர்க்கத் தானே முன்வந்தார்.

“பார்சி இன்னாபா பார்சி, எங்க உருதுக்கு அம்மா மாதிரி. நான் பாத்துக்கறேன்.”

அந்த அம்மாவை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியாது.

ஒரு காட்சியில் பின்னால் உட்கார்ந்து ராட்டையில் பட்டுநூல் சுற்றுவது என் மனைவி. சுற்றும்போது தன்பாட்டுக்குப் பாடுவாள். பக்கத்தில் தனி மைக் இருந்ததால் அது தெளிவாகப் பதிந்திருந்தது. சினிமாக்காரனைக் கட்டி இத்தனை காலம் கழித்து இப்போதுதான் சினிமாவுக்குள் நுழைகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. டீ கொடுக்கும் சாக்கில் மாடிக்கு வந்து வந்து நின்றாள். பெரியவர் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

இன்னொரு மைக்கில் பஸ் ஹாரன் ஒன்று பாட்டின் மேல் ஏறியிருந்தது.

“சத்தம் ஜாஸ்தியா இருக்குது, எடுக்கச் சொல்லுங்க பாய்” என்றேன்.

பாய் கம்பீரமாக, “ஆவாஸ் ஜாஸ்தி” என்று சொல்லிக் கையால் வெட்டிக் காட்டினார்.

பெரியவர் முகம் கறுத்தது. ஹாரனை விட்டுவிட்டு என் மனைவியின் பாட்டை எடுத்துவிட்டார்.

“இன்னாங்க, என்னைய மட்டும் தூக்கிட்டாரு?” என்றாள் அவள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஒய்?” என்று கத்தினேன்.

“யூ ஹஸ்பண்ட். யூ சே, நோ சாங்” என்றார் அவர். பிறகு மெல்ல, “ஹியர் ஆல்ஸோ?”

கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்ததும்தான் விளங்கியது. பாயின் உருதுவில் ஆவாஸ் என்றால் சத்தம். பெரியவரின் பாரசீகத்தில் ஆவாஸ் என்றால் பாட்டு. அவர்கள் நாட்டில் பெண் தனியாகப் பாடினால் படத்தில் விடமாட்டார்களாம். பாதி ஆயுள் அதை வெட்டியே போயிற்று, இங்கேயாவது வெட்ட வேண்டாம் என்றிருந்தேன் என்று எழுதிக் காட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாய், “அம்மா இவ்ளோ மாறிட்டாங்கன்னு தெரியாதுபா” என்றார்.

பாட்டு திரும்பி வந்தது. ஆனால் அவர்கள் ஊர்ப் பிரதியில் மட்டும் எடுத்தே ஆக வேண்டும்.

“அவரு வீட்டம்மா பாடுவாங்களான்னு கேளுங்க” என்றாள் என் மனைவி.

முன்பு மேடையில் பாடியவளாம். இப்போது சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாடுகிறாளாம்.

அதைக் கேட்டதும் என் மனைவி, “வெட்டாத பாட்ட அந்தம்மாவுக்கு ஒண்ணு குடுத்தனுப்புங்க” என்றாள். கொடுத்தனுப்பினேன்.

போன வாரம் அவரிடமிருந்து கைப்பேசிக்கு ஓர் ஒலித்துண்டு வந்தது. வயதான ஒரு பெண் குரல், தமிழை உடைத்து நொறுக்கி, என் மனைவியின் பாட்டைப் பாடியது. பின்னால் குழாய்ச் சத்தம் இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ரெண்டாவது வரில இழுக்கறது தப்பு” என்றாள் இவள். கைப்பேசியைப் பிடுங்கி, அந்த அம்மாவுக்காக முதலிலிருந்து உரக்கப் பாட ஆரம்பித்தாள்.